அரசின் துறைமுகம் அரசிடமே லொபி செய்வது எதற்காக? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

கொட்டியாரக் கரையான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். திருகோணமலை வணிகர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, எங்கள் துறைமுகத்தைப் பற்றியும் சீனக்குடா விமான ஓடுபாதையைப் பற்றியும் அரசிடம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளை ஓர் ஆவணமாக எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். வெறுங்கையோடு எழுத மனம் வராததால், பிற நாட்டுத் துறைமுகங்கள் இத்தகைய ஆவணங்களை எப்படி அமைக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் சியாட்டில் துறைமுக அமைப்பு, வொஷிங்டனில் உள்ள மத்திய அரசிடம் தான் வலியுறுத்தப்போகும் விடயங்களை ஆண்டுதோறும் தீர்மானித்து, அவற்றை வெளிப்படையாகவே அறிவிக்கிறது. அதை 'சமஷ்டி முன்னுரிமைகள்' என்று மொழிபெயர்க்கத் தொடங்கி, எங்கள் ஊரில் 'சமஷ்டி' என்ற சொல் கண்ணில் பட்டவுடனேயே வாசிப்பவர் மனம் வேறொரு பழைய வழக்கிற்குப் போய்விடும் என்பதால் அழித்துவிட்டேன். இந்த இழையில் அச்சொல் வந்தால் வொஷிங்டன் அரசு என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள்.

எனக்குப் புரியாதவை மூன்று. துறைமுக அமைப்பும் அரச நிறுவனம்தானே. அது இன்னோர் அரசிடம் ஆள்வைத்து லொபி செய்வது, அதாவது தனக்குச் சாதகமான முடிவுக்காகப் பேசி வலியுறுத்துவது, எப்படிச் சரியாகும், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? அடுத்து, விமானப் போக்குவரத்துக் கொள்கையும் கடல்சார் கொள்கையும் ஒரே ஆவணத்தில் ஏன் வருகின்றன? கடைசியாக, இவற்றுள் எங்களைப் போன்ற இயற்கைத் துறைமுக ஊருக்குப் பொருந்தும் பாடம் ஏதேனும் உண்டா, அல்லது நான் யானையைப் பார்த்துப் பூனைக்குச் சூடு போடப் பார்க்கிறேனா? விடயம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தூரத்துத் திருமலையான் எழுதியது:

நான் பிறந்தது திருகோணமலை உவர்மலையில். இப்போது பல ஆண்டுகளாகச் சியாட்டிலுக்கு அருகே வாழ்கிறேன். ஆகவே முதலிரண்டு கேள்விகளுக்கும் என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

'அரச நிறுவனம்' என்று நீங்கள் எழுதியதில்தான் குழப்பத்தின் வேர் இருக்கிறது. சியாட்டில் துறைமுகம் வொஷிங்டனில் உள்ள அரசின் திணைக்களமும் அன்று, மாநில அரசின் கிளையும் அன்று. 1911ஆம் ஆண்டில் கிங் கவுண்டி என்னும் வட்டாரத்தின் வாக்காளர்கள் வாக்களித்து உருவாக்கிய தனி உள்ளூர் அமைப்பு அது. அதை நடத்தும் ஐந்து ஆணையாளர்களையும் அதே வாக்காளர்களே நான்காண்டுப் பதவிக்காலத்திற்குத் தெரிவு செய்கிறார்கள். அது கடன் பத்திரம் வெளியிடும், வட்டாரத்துச் சொத்துகளின் மீது வரி விதிக்கும், குத்தகை வாங்கும். எங்கள் நகரசபை கொழும்பு அமைச்சுக்குக் கடிதம் எழுதுவதை எவரும் விநோதமாகப் பார்ப்பதில்லை அல்லவா? இதுவும் அத்தகையதே, கடிதத்தோடு நில்லாமல், வொஷிங்டனில் ஆளும் அலுவலும் வைத்துத் தொடர்ந்து பேசுகிறார்கள் என்பதே வேறுபாடு. அங்கே லொபி செய்பவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்து, எதைப் பற்றிப் பேசினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்று காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். மத்திய அரசு தந்த மானியப் பணத்தை எடுத்து, அதே அரசிடம் மேலும் மானியம் கேட்டு லொபி செய்வதற்கும் சட்டத்தில் தடை உண்டு. செலவைத் தமது சொந்த வருமானத்திலிருந்தே செய்ய வேண்டும்.

விமானமும் கப்பலும் ஒரே ஆவணத்தில் வருவதற்குக் காரணம், சீட்டாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சியாட்டில்-டகோமா பன்னாட்டு விமான நிலையத்தின் உரிமையாளரும் இந்தத் துறைமுக அமைப்பே என்பதுதான். பொஸ்டனிலும் ஓக்லண்டிலும் நியூயோர்க்கிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். நியூயோர்க்-நியூ ஜேர்சி துறைமுக அதிகார சபை 1921இல் இரு மாநிலங்களின் உடன்படிக்கையால் பிறந்தது. கென்னடி, லாகார்டியா, நியூவார்க் ஆகிய மூன்று பெரிய விமான நிலையங்களும் அதன் கையில் இருக்கின்றன. ஆனால் உரிமையாளர் ஒருவர் என்பதால் பணப்பெட்டியும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. விமான நிலையத்தில் கிடைக்கும் வருமானத்தை விமான நிலையத்திற்கு வெளியே செலவிடுவதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. பழைய ஏற்பாடுகளின் பேரில் நியூயோர்க் போன்ற சில இடங்களுக்கு விலக்கு உண்டு, சியாட்டிலுக்கு இல்லை. எனவே அங்கே ஒரே வீட்டில் இரண்டு உலைகள் எரிகின்றன. ஒன்றின் விறகை மற்றதற்கு எடுக்க முடியாது. இரண்டிற்கும் தனித்தனியாக வொஷிங்டனில் பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

விமானப் பக்கத்தில் ஆண்டுக்காண்டு திரும்பி வரும் சண்டை ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் மற்றவற்றை அதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பயணி ஒவ்வொரு முறை விமானம் ஏறும்போதும், விமான நிலையம் தனது கட்டுமானச் செலவுக்காக ஒரு சிறு கட்டணம் அறவிடலாம் என்று 1990இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்தது. அப்போது அதன் உச்சம் 3 டொலர். 2000ஆம் ஆண்டில் அதை 4.50 டொலராக உயர்த்தினார்கள். அன்றிலிருந்து அந்த உச்சம் அசையவில்லை. சீமெந்தும் இரும்பும் கூலியும் எங்கே போய்விட்டன என்பதை வீடு கட்டியவர் எவரும் அறிவார். கட்டணம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. உச்சத்தை உயர்த்துங்கள், அல்லது நீக்கிவிடுங்கள் என்று விமான நிலையங்கள் கேட்கின்றன. பயணச்சீட்டின் விலை கூடும் என்று விமான நிறுவனங்கள் எதிர்க்கின்றன. விமான நிறுவனங்களுக்கு இன்னொரு கவலையும் இருப்பதாக நான் நினைக்கிறேன்: விமான நிலையம் தன் சொந்தப் பணத்தில் புதிய வாயில்களைக் கட்டிவிட்டால், அவற்றைப் போட்டி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் சுதந்திரம் அதற்கு வந்துவிடுமே! 2024 மே மாதம் கையெழுத்தான விமானப் போக்குவரத்துச் சட்டம், விமான நிலைய மானியத் திட்டத்தின் ஆண்டுத் தொகையை 335 கோடி டொலரிலிருந்து 400 கோடி டொலராக உயர்த்தியது. ஆனால் 4.50 டொலர் உச்சத்தைத் தொடவில்லை. கொடுப்பவர் கையை நீட்டச் சம்மதித்தார், கேட்பவர் தானே உழைத்துச் சேர்க்கும் வழியைத் திறக்கவில்லை என்று சொல்லலாம்.

இதைப் போலவே பாதுகாப்புக் கட்டணமும் ஒன்று உண்டு. பயணி ஒருவழிக்கு 5.60 டொலர் செலுத்துகிறார். 2013ஆம் ஆண்டு வரவுசெலவு உடன்பாட்டின் பின்னர், அதில் ஒரு பகுதி பயணிகளைச் சோதனையிடும் பணிக்குப் போகாமல், மத்திய அரசின் பற்றாக்குறையைக் குறைப்பதற்கென்று திருப்பிவிடப்படுகிறது. சோதனை வரிசை மணிக்கணக்கில் நீளும்போது விமான நிலையம் ஏச்சு வாங்கும். ஆனால் சோதனையாளர்கள் மத்திய அரசின் ஊழியர்கள், அவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க விமான நிலையத்தால் முடியாது. சுங்க அதிகாரிகள் விடயத்திலும் அதே நிலைதான்.

கடல் பக்கத்தை இன்னொருவர் எழுதட்டும். அதில் எனக்குக் கேள்வி ஞானம்தான்.

கப்பல்துறைக் கணக்கன் எழுதியது:

கொள்கலன் இறக்குமதி ஆவணங்களோடு முப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டியவன் என்ற முறையில் கடல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் துறைமுகப் பராமரிப்பு வரி என்று ஒன்று இருக்கிறது. 1986இல் கொண்டுவரப்பட்ட அந்த வரி, இன்று சரக்கின் பெறுமதியில் 0.125 சதவீதமாக அறவிடப்படுகிறது. ஒரு இலட்சம் டொலர் பெறுமதியான சரக்குக்கு 125 டொலர். ஏற்றுமதிச் சரக்கின் மீது அதை விதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1998இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், சுமை பெரும்பாலும் இறக்குமதியின் மீதே விழுகிறது. அந்தப் பணம் ஒரு தனி நிதியத்திற்குப் போய், அங்கிருந்து கப்பல் வழிகளைத் தூர்வாரி ஆழம் குறையாமல் வைத்திருக்கும் வேலைக்குச் செலவாக வேண்டும். ஏட்டில் எல்லாம் ஒழுங்குதான்.

இப்போது சியாட்டிலையும் டகோமாவையும் எண்ணிப் பாருங்கள். அவை பனியாறுகள் குடைந்த ஆழ்நீர்க் குடாவில் அமைந்தவை. தூர்வார வேண்டிய தேவை மிகவும் குறைவு. ஆற்று முகத்துவாரங்களில் அமைந்த துறைமுகங்களோ ஆண்டு முழுவதும் வண்டலோடு போராடுகின்றன. எனவே சியாட்டிலில் இறங்கும் சரக்கின் மீது வசூலிக்கப்படும் வரி, பிற துறைமுகங்களின் சேற்றை அள்ளுவதற்குப் போகிறது. சியாட்டிலுக்குத் திரும்புவது அதில் சொற்பமே. இப்படிப்பட்டவற்றை அமெரிக்கச் சட்டம் 2014இல் 'கொடையாளித் துறைமுகங்கள்' என்றே பெயரிட்டு அங்கீகரித்தது. கொடையாளி என்றால் மனமுவந்து கொடுப்பவர் என்று நாங்கள் நினைப்போம். இங்கே கேளாமலே எடுத்துக்கொள்ளப்பட்டவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியிருக்கிறார்கள்.

வலி அதோடு முடியவில்லை. வடக்கே எல்லை தாண்டினால் கனடாவின் வான்கூவர், பிரின்ஸ் ரூப்பேர்ட் துறைமுகங்கள் இருக்கின்றன. அங்கே இறக்கி, ரயிலில் சிக்காகோவுக்கு அனுப்பினால் இந்த வரி இல்லை. இறக்குமதியாளர் கணக்குப் பார்க்காமல் இருப்பாரா? 2012இல் அமெரிக்கக் கடல்சார் ஆணைக்குழு இதை ஆராய்ந்தபோது, சரக்கு கனடாவுக்குத் திசைதிரும்புவதற்கான பல காரணங்களுள் இவ்வரியும் ஒன்று என்றே கண்டது. முழுக் காரணமும் இதுதான் என்று சொல்லவில்லை. லொபி ஆவணங்களில் இந்த நுணுக்கம் சில வேளைகளில் தேய்ந்துபோவதையும் கவனித்திருக்கிறேன். தனக்குச் சாதகமான பாதியை உரக்கச் சொல்வது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இன்னொரு பெரிய குறை, வசூலித்த பணம் முழுவதும் செலவிடப்படாமல் நிதியத்தில் தேங்கியது. 2020 அளவில் அப்படித் தேங்கிய தொகை ஏறத்தாழ 900 கோடி டொலர். துறைமுகங்கள் ஆண்டுக்கணக்கில் கூடிக் குரல் கொடுத்ததன் பயனாக, அந்த ஆண்டில் வரவுசெலவு விதிகள் தளர்த்தப்பட்டு, நிதியத்திலிருந்து கூடுதலாகச் செலவிட வழி பிறந்தது. கொடையாளித் துறைமுகங்களுக்கென்று ஒரு பங்கும் சட்டத்தில் எழுதப்பட்டது. அந்தப் பங்கை அவை தூர்வாரலைத் தவிர வேறு சில தேவைகளுக்கும் பயன்படுத்தலாம். தூர்வாரத் தேவையில்லாத துறைமுகத்திடம் தூர்வாரல் பணத்தைக் கொடுத்து என்ன பயன் என்ற எளிய நியாயத்தைச் சட்டத்தில் ஏற்ற இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இனி எங்கள் திருமலைக்கு வருவோம். உட்துறைமுகத்தின் ஆழம் இயற்கை தந்தது. குடாவின் வாயிலுக்கு எதிரே கடலடிப் பள்ளத்தாக்கே இறங்குகிறது. மகாவலி கொண்டுவரும் வண்டல் கொட்டியாரக் குடாப் பக்கமாகப் போகிறது. தூர்வாரல் செலவு என்ற வகையில் நாங்களும் சியாட்டிலின் சாதிதான். எங்கள் நாட்டிலும் அதைப் போன்ற ஓர் அறவீடு உண்டு: 2011ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் துறைமுகங்கள் மற்றும் விமான நிலையங்கள் அபிவிருத்தி அறவீடு. பொது வீதம் சரக்குப் பெறுமதியில் 10 சதவீதம். பல பொருள்களுக்குச் சலுகை வீதமும் விலக்கும் இருக்கின்றன. அமெரிக்காவின் 0.125 எங்கே, எங்கள் 10 எங்கே! பெயரிலே துறைமுகமும் விமான நிலையமும் ஒரே வரியில் கைகோத்து நிற்கின்றன. ஆனால் சுங்கம் வசூலிக்கும் அப்பணம் நாட்டின் பொது வருமானத்தோடு கலக்கிறது. எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு எந்தத் துறைமுகத்திற்குத் திரும்பியது என்று ஒருவர் கேட்டால், கணக்கைப் பொருத்திக் காட்டத் தனி நிதியம் என்று ஒன்றில்லை. சியாட்டில்காரர் வழக்காட முடிந்ததற்கு முதற் காரணம், அவர்களுக்கு எதிராக இருந்த கணக்காவது எழுத்தில் இருந்தது.

ஆகவே கரையானுக்கு என் ஆலோசனை இதுதான்: ஆவணத்தில் புதிய ஜெட்டி வேண்டும், புதிய பாரந்தூக்கி வேண்டும் என்று தொடங்காதீர்கள். கணக்கு வேண்டும் என்று தொடங்குங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

கணக்கன் நன்றாக எழுதியிருக்கிறார். ஆயினும் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. அரச சேவையில் பல கோப்புகளைக் கட்டி அவிழ்த்தவன் என்பதால், தம்பி கரையான் தவறான கதவைத் தட்டிவிடக் கூடாதே என்ற அக்கறையில் சொல்கிறேன்.

சியாட்டில் தனித்து நின்று கணக்குப் பார்க்கிறது, ஏனென்றால் அது தனித்தே பிறந்தது. எங்கள் நாட்டில் 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைத் துறைமுக அதிகார சபை உருவாக்கப்பட்டபோது, அதற்கு முன் கொழும்பில் இயங்கிய ஆணைக்குழுவும் கூட்டுத்தாபனங்களும் ஒன்றாக்கப்பட்டன. நாட்டின் வணிகத் துறைமுகங்கள் ஒரே சபையின் கீழ் வந்தன. அச்சபையின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு கொழும்பில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிச் செல்லும் கொள்கலன்களால் வருவது. அந்த நிலையில் 'ஒவ்வொரு துறைமுகமும் தான் ஈட்டியதைத் தானே வைத்துக்கொள்ளட்டும்' என்ற கோட்பாட்டை நாமே கையில் எடுத்தால், அது முதலில் யாரைக் குத்தும்? திருகோணமலையில் இறங்குவது பெரும்பாலும் கோதுமை, கிளிங்கர் (சீமெந்தின் மூலப்பொருள்), எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் தத்தம் இறங்குதுறைகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கடைக்கு வரும் கொள்கலன்கூடக் கொழும்பில் இறங்கி, லொறியில்தான் வருகிறது. அதன் அறவீடும் கொழும்புக் கணக்கிலேயே பதியும். கொடையாளி என்ற பட்டத்தை நாங்கள் கேட்கப் போய், பெறுநர் என்ற பட்டத்தோடு திரும்பி வரக்கூடும். கணக்குக் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் கணக்கு எங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது விடயம், யாரிடம் கேட்பது என்பது. எங்கள் அரசியலமைப்பில், மாகாண சபைகளைப் பற்றிய பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். துறைமுகங்கள், விமானப் போக்குவரத்தும் விமான நிலையங்களும், கப்பற்றொழில் ஆகியவை மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட நிரலில் இருக்கின்றன. மாகாண சபை முழு அதிகாரத்தோடு இயங்கினாலும் இவற்றில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவிலும் கப்பற்போக்குவரத்துச் சட்டமும் வான்வெளியும் மத்திய அரசின் கையில்தான் இருக்கின்றன. அதனால்தான் சியாட்டில் வொஷிங்டனுக்கு நடக்கிறது. வேறுபாடு, நடப்பதற்கு அங்கே ஒரு உள்ளூர் உரிமையாளர் இருக்கிறார். எங்கள் துறைமுகத்தின் உரிமையாளர் இருக்கும் இடமும், கோரிக்கையைக் கேட்க வேண்டியவர் இருக்கும் இடமும் ஒன்றே, இரண்டும் கொழும்பு. தன்னிடமே தான் மனுக் கொடுக்க முடியாது. எனவே இங்கே மனுக் கொடுக்க வேண்டியவர் துறைமுகம் அன்று, துறைமுகத்தால் வாழும் ஊர்.

சீனக்குடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது விமானப் படையின் தளம். வணிக விமானங்கள் அங்கே விருந்தாளிகளே. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டதைக் காட்டி, 'எங்களுக்கும் அதுபோல' என்று எழுதுவது எளிது. ஆனால் படைத்தளமும் பயணிகள் நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்வதற்கான நேர அட்டவணை, தீயணைப்பு வசதி, குடிவரவு மேசை, எரிபொருள் நிரப்பும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். துறைமுகத்திலும் கடற்படைக்கு அதே இடம் உண்டு. பிரித்தானியர் 1957இல் தளத்தைக் கையளித்த நாளிலிருந்தே பாதுகாப்பும் வணிகமும் இங்கே ஒரே நீரைப் பங்கிடுகின்றன. சியாட்டிலின் ஆவணத்தில் இத்தகைய பகுதிக்கு மாதிரி கிடைக்காது. இதை நீங்களே புதிதாக எழுத வேண்டும்.

உப்புவெளி வாசகி எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசிவிட்டார்கள். லொபி என்பது எப்போதும் பணம் கேட்பதன்று. ஒரு சிறு உதாரணம் தருகிறேன்.

சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி தாங்கியவை. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை நேராக இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்திற்குக் கொண்டுபோய் விடக் கூடாது. அதனால் அவை நடுவே கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகமொன்றைத் தொட்டுவிட்டுப் போகும். பெருந்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியபோது, அந்த ஒரு தரிப்பு இல்லாமற் போனதாலேயே முழுப் பயணமும் சட்டப்படி இயலாததாகிவிட்டது. அலாஸ்காவின் ஊர்களும் சியாட்டிலும் சேர்ந்து வலியுறுத்தியதன் பின்னர், 2021 மே மாதத்தில் காங்கிரஸ் தற்காலிக விலக்கு ஒன்றைச் சட்டமாக்கியது. அதற்கு மானியமோ புதிய வரியோ தேவைப்படவில்லை. நூற்றாண்டுக்கு மேல் பழைய ஒரு விதியின் ஒரு வரியைச் சிறிது காலம் தளர்த்தினார்கள், அவ்வளவே.

கரையானின் ஆவணத்திலும், பணம் தேவைப்படாமல் ஒரு சுற்றறிக்கையால் அல்லது வர்த்தமானி அறிவித்தலால் தீரக்கூடிய கோரிக்கைகளைத் தனியே பிரித்து முன்னால் வைத்தால் நல்லது என்று நினைக்கிறேன். திறைசேரியில் பணம் இல்லை என்ற பதிலை அவற்றுக்குச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் உல்லாசக் கப்பல் ஒன்று எங்கள் துறைமுகத்திற்கு வந்தால், பயணிகள் இறங்குவதற்கு எத்தனை அலுவலகங்களின் இசைவு வேண்டும் என்பதை முகவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு பக்கமே பலமாக இருக்கும்.

கொட்டியாரக் கரையான் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எழுதுவினைஞர் ஐயாவின் எச்சரிக்கை எனக்கு உறைத்தது. கொடையாளி என்ற சொல்லை என் முதல் வரைவில் தலைப்பாகவே போட்டிருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு ஐயம். கணக்கன் அவர்கள் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறார். அந்தக் கணக்கை நான் யாரிடம், எந்த வடிவில் கேட்பது? எங்கள் ஊர் எண்ணெய்க் குதங்கள் (எரிபொருள் சேமிப்புத் தாங்கிகள்) குறித்தும் வணிகர்கள் ஒரு பந்தி எழுதச் சொல்கிறார்கள். அது இந்த ஆவணத்திற்குள் வர வேண்டுமா?

கப்பல்துறைக் கணக்கன் எழுதியது:

எழுதுவினைஞர் சொன்னதை ஏற்கிறேன். கொழும்பின் வருமானம் எங்களைத் தாங்குகிறதா என்பதும் கணக்கு வந்தால்தான் தெரியும்; வராத கணக்கை வைத்துக்கொண்டு அவரும் நானும் எதிரெதிராக உறுதியாகப் பேசுவதில் பொருளில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரே விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். சுங்கத் திணைக்களத்திடம், திருகோணமலையில் சமர்ப்பிக்கப்பட்ட இறக்குமதிப் பிரகடனங்களின் மீது மேற்படி அறவீடாக ஆண்டுவாரியாக வசூலான தொகையை மட்டும் கேளுங்கள். துறைமுக அதிகார சபையிடம், திருகோணமலைத் துறைமுகத்தின் வருமானம், நடைமுறைச் செலவு, மூலதனச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். 'அபிவிருத்திக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்குப் புகழுரை வரும். இலக்கம் கேட்டால் இலக்கம் வரும், அல்லது இலக்கம் இல்லை என்ற எழுத்து வரும். இரண்டாவது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள், அது ஆவணத்தின் முதற் பக்கத்துக்கு உதவும்.

எண்ணெய்க் குதங்களை இதற்குள் இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். 99 குதங்களுள் 61 குதங்களை 2022 ஜனவரியில் கூட்டு நிறுவனம் ஒன்றின் கீழ் கொண்டுவந்தார்கள். அதில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கு 51 சதவீதம், இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 49 சதவீதம். அது எரிசக்தி அமைச்சின் விடயம், அதற்குள் புதுடில்லியும் இருக்கிறது. அந்தப் பந்தி உள்ளே வந்தால், வாசிக்கும் அதிகாரி அதை மட்டுமே வாசிப்பார். ஜெட்டியையும் ஓடுபாதையையும் பற்றி நீங்கள் எழுதியது மடித்து வைக்கப்படும். குதங்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் சேவை, இழுவைப் படகுகள் ஆகியவை துறைமுகத்தின் விடயம். அவற்றை மட்டும் எழுதுங்கள்.

தூரத்துத் திருமலையான் எழுதியது:

கணக்கன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே சியாட்டில் துறைமுகத்தார் வொஷிங்டனுக்குத் தாமாகத் தனித்துப் போவது குறைவு. கட்டண உச்சத்தைப் பற்றிப் பேசும்போது மற்ற விமான நிலையங்களோடும், பராமரிப்பு வரியைப் பற்றிப் பேசும்போது லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற பிற கொடையாளித் துறைமுகங்களோடும் சேர்ந்து போவார்கள். டகோமாவோடு நெடுங்காலம் போட்டியிட்ட சியாட்டில், 2015இல் சரக்குத் தொழிலை இருவருக்கும் பொதுவான ஒரு கூட்டமைப்பின் கீழ் கொண்டுவந்தது. கனடாவுக்குச் சரக்குப் போகும்போது பக்கத்து ஊரோடு மல்லுக்கட்டி என்ன கண்டோம் என்ற ஞானம் அதன் பின்னே இருந்திருக்க வேண்டும்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் படகுச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கியதை அறிவீர்கள். அந்தத் துறையின் வணிகர்களுக்கும், மட்டக்களப்பு விமான நிலையத்தை நம்பியிருப்பவர்களுக்கும் உங்கள் பிரச்சினைகளில் பாதியாவது இருக்கும். விண்ணப்பங்களை மூன்று ஊரிலும் ஒரே வாசகத்தில், ஒரே வாரத்தில் அனுப்புங்கள். வரைவை இங்கே இடுங்கள். வாசகத்தைத் திருத்தித் தருகிறேன்.

கொட்டியாரக் கரையான் எழுதியது:

அப்படியே செய்கிறேன். சுங்கத்துக்கான விண்ணப்பத்தை இன்றிரவு எழுதிவிடுவேன். மட்டக்களப்பில் எனக்கு ஆள் இருக்கிறார். காங்கேசன்துறைப் பக்கத்து வணிகர்களை அறிந்தவர்கள் எவரேனும் இருந்தால் இவ்விழையிலேயே தெரிவியுங்கள்.